பெயர்ப்பலகை ஒன்றுதான், அடுப்பு வேறு: ஸ்டேக் கடைக்குப் போகுமுன்

கட்டாரிலும் குவைத்திலும் நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டுத் தலவில, நுரைச்சோலை, ஏத்தாளைப் பக்கம் வந்து சேரும் எங்கள் பிள்ளைகளின் பேச்சில் சில புதுப் பெயர்கள் அடிபடுகின்றன. டெக்சாஸ் ரோட்ஹவுஸ், சில்லீஸ், டிஜிஐ ஃப்ரைடேஸ். சம்பளம் கிடைத்த வெள்ளிக்கிழமை இரவுகளில் கூட்டாளிமாருடன் போய் ஸ்டேக் சாப்பிட்ட கதைகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதைகள் முடியும் இடத்தில் ஒரு கேள்வி வருகிறது. லண்டனில் இருக்கும் தாத்தா வீட்டுக்குப் போகும்போதோ சிங்கப்பூருக்குச் சுற்றுலா போகும்போதோ அதே பெயருள்ள கடையில் சாப்பிடலாம்தானே? "குவைத்தில் சாப்பிட்ட கடைதானே, ஹலால்தான்" என்று ஒரு மருமகன் என்னிடம் அடித்துச் சொன்னார். இந்த நினைப்பு எங்கே பிழைக்கிறது என்பதைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதலில், இந்தக் கடைகள் எப்படிப்பட்டவை என்று பார்ப்போம். அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பம் வாரக் கடைசியில் மேசையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவதற்கென்று வளர்ந்த வியாபாரம் இது. சிஸ்லர் 1958இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. டிஜிஐ ஃப்ரைடேஸ் 1965இல் நியூயோர்க்கில் மதுச்சாலையாகத்தான் பிறந்தது. அவுட்பேக் 1988இல் ஃபுளோரிடாவில் வந்தது. பெயரும் அலங்காரமும்தான் அவுஸ்திரேலியா. டெக்சாஸ் ரோட்ஹவுஸ் 1993இல் தொடங்கியது, அதுவும் டெக்சாஸில் அல்ல, இந்தியானாவில். இந்த வியாபாரத்தில் இறைச்சியை விட மதுவில் இலாபவீதம் அதிகம். அதனால்தான் சொந்த நாட்டில் இத்தகைய கடைகளுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது மதுக் கவுண்டர்.

அதே கடை குவைத்துக்கும் சவூதிக்கும் வரும்போது அந்தக் கவுண்டரைக் கழற்றிவைத்துவிட்டு வருகிறது. அங்கே சட்டம் இடம்கொடுக்காது. பன்றி இறைச்சிக்குப் பதிலாக மாட்டிறைச்சியிலோ வான்கோழியிலோ செய்த பேக்கன். மதுவில் ஊறவைத்த சோஸுக்குப் பதிலாக வேறொன்று. கடையை நடத்துவதும் அமெரிக்கக் கம்பெனி அல்ல, பெயரை வாடகைக்கு எடுத்த உள்ளூர்க் கம்பெனி. பிரான்சைஸ் என்பது இதுதான். பெயர்ப்பலகை, மேசை விரிப்பு, பணியாளரின் சீருடை எல்லாம் ஒன்று. இறைச்சி எங்கிருந்து வருகிறது, யார் அறுத்தது, அடுப்பில் வேறென்ன வேகிறது என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் கிளைக்குக் கிளை, வேறு.

பிரித்தானியாவைப் பாருங்கள். அங்கே கேஎஃப்சியின் எல்லாக் கிளைகளும் ஹலால் இல்லை, குறிப்பிட்ட கிளைகள் மட்டும்தான். நான்டோஸும் அப்படியே. மெக்டொனால்ட்ஸ் அங்கே ஹலால் இறைச்சி விற்பதில்லை. சப்வே 2014இல் சுமார் 185 கிளைகளில் பன்றி இறைச்சியை நிறுத்திவிட்டு ஹலால் இறைச்சிக்கு மாறியதாக அறிவித்தபோது அந்நாட்டுப் பத்திரிகைகளில் பெரிய சர்ச்சையே நடந்தது. ஒரே தெருவின் இரண்டு முனைகளில் ஒரே பெயரோடு ஒன்று ஹலால் கிளையாகவும் மற்றது இல்லாமலும் இருக்கலாம். சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே மெக்டொனால்ட்ஸ் 1992 முதல் முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் பெற்றிருக்கிறது. ஆக, மருமகன் லண்டனில் கேஎஃப்சியைக் கண்டதும் நுழையக் கூடாது, சிங்கப்பூரில் மெக்டொனால்ட்ஸைக் கண்டு ஓடவும் தேவையில்லை.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கற்பிட்டி வீதியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இறைச்சியைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பழக்கமே இல்லை. இலங்கையில் மாட்டிறைச்சி வியாபாரம் நீண்ட காலமாகப் பெரும்பாலும் முஸ்லிம்களின் கையிலேயே இருந்துவந்தது. அறுப்பவரை எங்களுக்குத் தெரியும், அவருடைய வாப்பாவையும் தெரியும். போயா தினத்தில் இறைச்சிக்கடை பூட்டியிருக்கும் என்பதைத் தவிர நாங்கள் யோசிக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. அங்கே நம்பிக்கை ஒரு மனிதர் மேல் இருந்தது. ஸ்டேக் கடையில் அந்த மனிதர் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு இறைச்சியிலேயே காரணம் இருக்கிறது. எங்கள் நாட்டு மாடு புல்வெளியில் நடந்து திரிந்தது, பல வேளை பாலுக்கோ உழவுக்கோ பயன்பட்டு வயதானது. அதன் தசை இறுக்கம். ஒரு மணி நேரம் மசாலாவில் கொதித்தால் அதன் ருசிக்கு ஈடில்லை. ஆனால் பத்து நிமிடம் நெருப்பில் காட்டிவிட்டுக் கத்தியால் வெட்டிச் சாப்பிட முடியாது. ஸ்டேக்குக்கு இளம் மாட்டின், அதிகம் வேலை செய்யாத முதுகுப்பகுதித் தசை வேண்டும், உள்ளே கொழுப்பு நூல் நூலாக ஓடியிருக்க வேண்டும். அதனால் நல்ல ஸ்டேக் விற்கும் இடங்களில் பெரும்பாலும் வெளிநாட்டு இறைச்சிதான். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஹலால் முறையில் அறுத்து ஏற்றுமதி செய்யும் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. அதே நாடுகளிலிருந்து ஹலால் அல்லாத இறைச்சியும் வருகிறது. "அவுஸ்திரேலியன் பீஃப்" என்று மெனுவில் எழுதியிருப்பது தரத்துக்கான விளம்பரம், அறுப்பு முறைக்கான பதில் அல்ல.

இறைச்சி ஹலால் என்று உறுதியான பிறகும் தட்டில் இன்னும் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. ஒன்று சோஸ். மிளகு சோஸில் பிரண்டி, காளான் சோஸில் வைன், பார்பிக்யூ பூச்சில் விஸ்கி சேர்ப்பது மேற்கத்தேய சமையலில் சாதாரணம். "சூட்டில் எல்லாம் ஆவியாகிவிடும் மச்சான்" என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. மதுவை ஊற்றித் தீ மூட்டிக் காட்டும் சமையலில் சுமார் 75 வீதம் மிஞ்சுகிறது. அரை மணி நேரம் கொதித்தாலும் 35 வீதம். இரண்டரை மணி நேரம் கொதித்த பிறகும் 5 வீதம். அதுமட்டுமல்ல, எமது ஷாஃபிஈ மத்ஹபில் மது நஜீஸ். எத்தனை வீதம் மிஞ்சியது என்ற கணக்குக்கு அப்பால், அது சேர்ந்த உணவே பிரச்சினைக்குரியதாகிவிடுகிறது.

மற்றது அடுப்பு. இதை நம்மவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. பன்றி இறைச்சியும் விற்கும் ஸ்டேக் கடையில் பெரும்பாலும் ஒரே கிரில் கம்பியில்தான் எல்லாம் வேகும், ஒரே இடுக்கியால்தான் புரட்டுவார்கள், ஒரே எண்ணெயில்தான் உருளைக்கிழங்கும் பொரியும். "நான் மீன்தானே எடுத்தேன்" என்பது அங்கே போதாது. பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்து கழுவ வேண்டும் என்பது எமது மத்ஹபின் சட்டம். இரவு எட்டு மணிக் கூட்ட நேரத்தில் எந்தச் சமையல்காரர் அதைச் செய்யப் போகிறார்? வாசலில் "பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்று எழுதி வைத்திருக்கும் கடைகளைச் சிங்கப்பூரில் நிறையக் காணலாம். அது அந்த இரண்டும் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. அறுப்பைப் பற்றியோ சோஸைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை.

வீணான பயம் ஒன்றையும் இங்கே நீக்கிவிட வேண்டும். ஸ்டேக்கை வெட்டும்போது வடியும் சிவப்பு நீரைக் கண்டு "இரத்தம்" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அது இரத்தம் அல்ல. முறையாக அறுத்த பிராணியின் இரத்தத்தில் பெரும்பகுதி அறுக்கும்போதே வடிந்துவிடுகிறது. தட்டில் தெரிவது தசைக்குள் இருக்கும் நீர். அதற்குச் சிவப்பு நிறம் தருவது மயோகுளோபின் என்ற புரதம். ஹராமாக்கப்பட்டது வழிந்தோடும் இரத்தம் என்பதும், அறுத்த பிறகு இறைச்சியோடு தங்கிவிடும் சிவப்பு அதில் சேராது என்பதும் உலமாக்கள் விளக்கும் விடயம். சுகாதாரக் கண்ணோட்டம் வேறு. முழுத்துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் வெளிப்பக்கத்தில்தான் இருக்கும், நெருப்பில் அது செத்துவிடும். அதனால் உள்ளே 55 பாகை செல்சியஸில் சிவப்பாக இருக்கும் ஸ்டேக்கைப் பலர் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அரைத்த இறைச்சி அப்படியல்ல. வெளிப்பக்கக் கிருமி உள்ளே கலந்துவிடுவதால் பர்கருக்கு உள்ளேயும் 71 பாகை எட்ட வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் எதையும் முழுதாக வேகவைத்தே சாப்பிடட்டும். எனக்கும் முழுதாக வெந்ததுதான் பிடிக்கும். வெள்ளைக்காரச் சமையல்காரர் அதைக் குற்றமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். பீட்சா ஹட் 1993இலும், கேஎஃப்சி 1995இலும், மெக்டொனால்ட்ஸ் 1998இலும் இலங்கைக்கு வந்தன. பின்னர் டொமினோஸ், பர்கர் கிங், மலேசியாவிலிருந்து மன்ஹாட்டன் ஃபிஷ் மார்க்கெட். தொடக்கத்தில் கடைச் சுவரில் அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமாவின் ஹலால் சான்றிதழ் தொங்கினால் எங்களுக்கு அது போதும். 2013இல் நடந்தது உங்களுக்குத் தெரியும். பெப்ரவரியில் மஹரகமவில் பொது பல சேனா கூட்டம் போட்டு ஹலால் இலச்சினைக்கு எதிராக முழங்கியது. மார்ச்சில் உள்நாட்டுச் சந்தைப் பொருட்களில் இலச்சினையை விலக்கிக்கொள்ள ஜம்இய்யதுல் உலமா உடன்பட்டது. அடுத்த வருடம் ஹலால் சான்றிதழ் கவுன்சில் என்ற தனி நிறுவனம் அந்தப் பணியை ஏற்றது.

இந்தச் சர்ச்சை விட்டுச்சென்ற காயம் இலச்சினை மட்டுமல்ல. எங்கள் ஆட்கள் கேட்பதற்குப் பயப்படத் தொடங்கினார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பயம் இரண்டு மடங்கானது. கொழும்பில் ஒரு பெரிய கடையில் பர்தா அணிந்த உம்மா ஒருவர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். "ஹலாலா?" என்ற ஒரு சொல்லைக் கேட்க முடியாமல் மெனுவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்குப் பொரியல் மட்டும் எடுத்துக்கொடுத்ததை நான் பக்கத்து மேசையிலிருந்து கண்டிருக்கிறேன். காசு கொடுத்துச் சாப்பிடும் வாடிக்கையாளர் என்ன சாப்பிடுகிறோம் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சைவம் சாப்பிடுபவர் கேட்கிறார், நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர் கேட்கிறார். நாமும் அதே குரலில் கேட்கலாம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் விடயம் இருக்கிறது. "ஹலாலா?" என்று பணியாளரிடம் கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும், அவருக்கு அதற்கு மேல் தெரிய நியாயமில்லை. முகாமையாளரிடம் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதில் இந்தக் கிளையின் பெயரும் விலாசமும் இருக்கிறதா, காலாவதித் திகதி கடந்துவிட்டதா என்று பாருங்கள். இறைச்சி கொடுக்கும் கம்பெனிக்கு மட்டும் சான்றிதழ் இருந்தால் அது இந்தச் சமையலறைக்குப் போதாது. சான்றிதழ் இல்லையென்றால் பன்றி சமைக்கிறார்களா, மது சேர்க்கிறார்களா, இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். வட்ஸ்அப்பில் சுற்றும் "ஹலால் கடைகள் பட்டியல்" எதையும் நான் நம்புவதில்லை. கடை கைமாறும், சான்றிதழ் முடியும், பட்டியல் மட்டும் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் தூரத்து ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம். கற்பிட்டிக் குடாநாட்டில் காற்றாடிச் சறுக்கு விளையாட்டுக்கு வரும் வெளிநாட்டவர்களுக்காகக் கடலோரம் ஹோட்டல்கள் வந்துவிட்டன. அவர்களுக்கு ஸ்டேக்கும் போடுவார்கள், பக்கத்திலேயே மதுவும் இருக்கும். அந்தச் சமையலறைகளில் வேலை செய்வதும் சில இடங்களில் எங்கள் பிள்ளைகளே. அங்கே சாப்பிடப் போகும் குடும்பத்துக்கு நான் சொல்வது, இறாலையும் சிங்கி இறாலையும் கேளுங்கள் என்பதுதான். ஷாஃபிஈ மத்ஹபில் கடல் உணவில் அறுப்புப் பிரச்சினையே வராது. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் இந்திய, பாகிஸ்தான் கூட்டாளிமார் கூட இருந்தால் அவர்களுக்கு மீனை எடுத்துக்கொடுங்கள், சிங்கி இறாலை அவர்கள் தவிர்ப்பார்கள். அப்போதும் கிரில் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தனித் தட்டில் வாட்டித் தரச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், வாழையிலையில் சுற்றிச் சுடச் சொன்னாலும் சரி.