அணுக்களின் வழியைக் கணக்கிட்டவர்

கடலூர்த் துறைமுகத்தில் நிற்கும் படகின் இரும்பாணி உப்புக்காற்றில் துருவேறி உதிர்கிறது. சிதம்பரம் சிற்றம்பலத்தின் கூரையில் வேய்ந்த பொன்னோ துருவேறுவதில்லை. ஒன்று அழிய மற்றொன்று நிலைப்பது ஏன்? அணுக்கள் தம்முள்ளும் சுற்றுப்புறத்தோடும் கொள்ளும் உறவே இதற்குக் காரணமாகும்.

உலோகங்களை உருக்கி, வார்த்து, சோதித்தே அவற்றின் பண்புகளை முன்னோர் அறிந்தனர். ஒவ்வொரு சோதனைக்கும் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாயின. உலையை மூட்டுமுன்பே ஒரு பொருளின் பண்பைக் கணக்கிட்டு அறிய முயல்வதே கணினிவழிப் பொருளறிவியல். இத்துறைக்கு அடித்தளமிட்டோருள் ஒருவர் அனீசூர் ரகுமான்.

1927ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்த இவர், இங்கிலாந்தின் கேம்பிரிட்சிலும் பெல்சியத்தின் லூவேனிலும் உயர்கல்வி பெற்றார். 1960இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் பணியேற்றார்.

அங்கு 1964இல் இவர் வெளியிட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள், திரவநிலையிலுள்ள ஆர்கான் என்னும் வாயு. கணினிக்குள் 864 அணுக்களை அமைத்தார். இயற்பியலில் நீங்கள் பயிலும் நியூட்டனின் இரண்டாம் இயக்கவிதியே இவர்தம் கருவி. ஓர் அணுவின் மீது பிற அணுக்கள் செலுத்தும் விசையைக் கணித்து, முடுக்கம் கண்டு, அடுத்த கணத்தில் அது இருக்கும் இடத்தை அறிந்தார். 864 அணுக்களுள் அமையும் இணைகள் 3,72,816 என்பதைச் சேர்வுகள் பற்றிய பாடத்தைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம். ஒரு நொடியை நூறு இலட்சம் கோடிக் கூறாக்கினால் வரும் சிறு காலத்திற்கு ஒருமுறை இக்கணக்கு மீண்டும் மீண்டும் செய்யப்பட்டது.

கணினி தந்த விடை என்பதனாலேயே அதனை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. சோதனைகளில் அளந்த மதிப்புகளோடு ஒப்பிட்டார். இரண்டும் நெருங்கி ஒத்தன. 1971இல் ஸ்டில்லிங்கருடன் இணைந்து 216 நீர் மூலக்கூறுகளின் இயக்கத்தை ஆராய்ந்தார். பின்னர்ப் பாரினெல்லோவுடன் சேர்ந்து, அழுத்தத்தால் படிகத்தின் வடிவம் மாறுவதைக் கணிக்கும் முறையை வகுத்தார். 1985இல் மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியரான இவர் 1987இல் மறைந்தார். கணிப்பு இயற்பியலில் சிறந்தோர்க்கு அமெரிக்க இயற்பியல் கழகம் இவர் பெயரால் விருது வழங்கி வருகிறது.

இன்று உலோகக் கலவைகளையும் மின்கலப் பொருள்களையும் ஆராய்வோர் இம்முறையைக் கையாளுகின்றனர். துருவேறிய ஆணியைக் காணும் கடலூர் மாணவர்க்கும் இவ்வழி திறந்தே இருக்கிறது. அதற்குத் தேவையான முதல் விதி உங்கள் பாடநூலிலேயே உள்ளது. கிடைத்த விடையை இயற்கையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் நேர்மையே அடுத்துத் தேவைப்படுவது.