திரும்பி வந்த கலைஞரும் காத்திருந்த ரஸிகரும்

புகழ் பெற்ற கலைஞர் ஒருவர் நெடுங்காலம் ஒதுங்கியிருந்து மீண்டும் மேடையேறும் பொழுது, அன்று பரீக்ஷைக்கு உள்ளாகிறவர் அவர் மட்டுமல்லர். அவருடைய ரஸிகர்களும் பரீக்ஷைக்கு உள்ளாகிறார்கள். கலைஞரிடம் இன்னும் சரக்கு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. கேட்பவர்கள் அவரிடம் தேடுவது கலையையா, தங்கள் சொந்த வாலிபத்தையா என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்வியைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் அரியர். அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் இங்கிலாந்தின் 'ஆர்க்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் தி டார்க்' என்னும் இசைக் கோஷ்டி. 'இருளில் நடக்கும் வாத்தியக் கோஷ்டியின் போர்ப் பயிற்சி' என்று பொருள்படும் இந்த விசித்திரமான பெயரைச் சுருக்கி ஓ.எம்.டி. என்றே யாவரும் அழைக்கின்றனர். நரம்பும் தோலும் கொண்ட வாத்தியங்களுக்குப் பதிலாக, மின்சாரத்தால் நாதம் எழுப்பும் ஸிந்தஸைஸர் என்ற கருவியைப் பிரதானமாக வைத்துப் பாடும் ஸிந்த்பாப் முறையை இங்கிலாந்தில் நிலைநாட்டியவர்களில் இவர்களும் அடங்குவர்.

இவர்களுடைய ஆரம்பம் எளியது. 1975-ஆம் ஆண்டு செப்டம்பர் 11 அன்று ஜெர்மானியக் கோஷ்டியான கிராஃப்ட்வெர்க் லிவர்பூல் நகரில் கச்சேரி செய்தது. கூட்டத்தில் 16 வயதுப் பிள்ளையாக உட்கார்ந்திருந்த ஆண்டி மெக்ளஸ்கி, தம் வாழ்வின் பாதை அன்றே நிர்ணயமாயிற்று என்று பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார். அவரும் நண்பர் பால் ஹம்ப்ரீஸும் 1978-இல் லிவர்பூலில் இப்பெயருடன் முதன்முறை மேடையேறினர். விலையுயர்ந்த கருவிகளை வாங்க வகையில்லை; பழைய வானொலிப் பெட்டிகளின் உறுப்புக்களைக் கொண்டு ஹம்ப்ரீஸ் தாமே ஒலிக்கருவிகள் செய்து பார்த்தார். 1980-இல் வெளியான 'எனோலா கே' என்ற பாட்டு இவர்கள் பெயரை ஐரோப்பாவெங்கும் பரப்பிற்று. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமா நகரின்மேல் அணுகுண்டை வீசிய விமானத்தின் பெயரே அது. ஆடுவதற்கேற்ற மெட்டில் இத்தகைய விஷயத்தை வைத்துப் பாடியதொன்றே இவர்கள் வெறும் கேளிக்கைக்காரர் அல்லர் என்பதற்குச் சான்றாகும்.

1981-இல் வந்த 'ஆர்க்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி' என்னும் இசைத்தட்டு இலக்ஷக்கணக்கில் விற்றது. அதில் ஜோன் ஆஃப் ஆர்க் என்ற பிரெஞ்சு வீராங்கனையைப் பற்றி மட்டும் இரண்டு பாட்டுக்கள் உண்டு. அவற்றுள் ஒன்று 1982-இல் ஜெர்மனியில் மிகுதியாக விற்பனையான பாட்டாயிற்று.

இவ்வளவு செல்வாக்குடன் இருந்தவர்கள் அடுத்து என்ன செய்தார்கள்? வெற்றி கண்ட மெட்டையே மறுபடியும் வார்த்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 1983 மார்ச்சில் 'டாஸில் ஷிப்ஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டனர். முதல் உலக யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களின் கண்ணை ஏமாற்றுவதற்காகக் கோணல்மாணலான கோடுகள் தீட்டப்பெற்ற கப்பல்களுக்கு வழங்கிய பெயர் அது. அத்தகைய கப்பலொன்றை எட்வர்ட் வாட்ஸ்வொர்த் 1919-இல் தீட்டிய ஓவியத்திலிருந்து இதனை எடுத்துக்கொண்டனர். ஐரோப்பா இரு கூறாகப் பிளவுபட்டுக் கிடந்த காலம் அது. பிராக் வானொலியின் அடையாள இசை, பல தேசங்களில் டெலிபோன் மூலம் மணி சொல்லும் குரல்கள், குழந்தைகளுக்கு எழுத்துக் கூட்டக் கற்பிக்கும் விளையாட்டுப் பெட்டியின் பேச்சு ஆகியவற்றையெல்லாம் பாட்டுக்களுக்கிடையே கோத்து, அந்தக் காலத்தின் அச்சத்தையே காதில் விழச் செய்தனர்.

ரஸிகர்கள் திகைத்தார்கள். முதல் வாரங்களில் பழைய அபிமானத்தால் வாங்கியவர்கள் வாங்கினார்கள். அதற்குப் பின் விற்பனை சரிந்தது; முந்தைய இசைத்தட்டின் விற்பனையில் இது ஒரு சிறு பங்கேயாயிற்று. பத்திரிகை விமர்சகர்களிற் பலர் பரிகசித்தனர்.

இந்தத் தீர்ப்பின் விளைவை நேயர்கள் கவனிக்க வேண்டும். கோஷ்டியினர் அச்சங்கொண்டனர். இதன் பின்னர்த் தங்கள் துணிவு குறைந்ததென்பதை அவர்களே மறைக்கவில்லை. யாருக்கும் கஷ்டம் கொடாத, கேட்டவுடன் பிடிக்கும் பாட்டுக்களை நாடினர். 1986-இல் ஓர் அமெரிக்கத் திரைப்படத்துக்காக எழுதிய 'இஃப் யூ லீவ்' அந்நாட்டு வரிசையில் 4-ஆவது இடத்தை எட்டியது. பணம் வந்தது, மனநிறைவு வரவில்லை. 1989-இல் ஹம்ப்ரீஸும் மற்ற இருவரும் விலகினர். மெக்ளஸ்கி தனித்து நடத்தி, 1996-இல் கடையைக் கட்டினார்.

பத்தாண்டு கழித்து, 2006-இல், பழைய நால்வரும் மீண்டும் கூடினர். 1981-ஆம் வருஷத்து இசைத்தட்டை முழுவதும் வாசித்து 2007-இல் ஊர் ஊராய்ச் சென்றனர். அரங்குகள் நிரம்பின. இங்கேதான் அபாயம் இருந்தது. ஜனங்கள் கேட்பது பழம் பாட்டு; பழம் பாட்டுக்குப் பணமும் உண்டு. அத்தோடு நின்றிருந்தால் அவர்களை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் 2010 செப்டம்பரில் 'ஹிஸ்டரி ஆஃப் மாடர்ன்' என்ற புது இசைத்தட்டை வெளியிட்டனர். பழைய நால்வர் பெயரால் 24 ஆண்டுகளுக்குப் பின் வந்த முதற் படைப்பு அது.

வரவேற்பு எப்படி? மரியாதையான வரவேற்பு என்று கூறலாம். பிரிந்தவர் கூடியதில் அபிமானிகளுக்கு மகிழ்ச்சி. ஆயினும் அபிப்பிராய பேதம் மிகுந்திருந்தது. நம் அபிப்பிராயத்தில் அந்த இசைத்தட்டின் குறை இதுவே: எல்லோரையும் திருப்தி செய்ய அது முயன்றது. ஒரு பாட்டு 1981-ஐ நினைவூட்டும். அடுத்தது 1986-ஐ நினைவூட்டும். வேறொன்று வானொலிக்காரரைப் பார்த்துக் கண் சிமிட்டும். முன்பு சுடப்பட்ட பூனை அடுப்பங்கரைக்கு வந்துவிட்டது. ஆனால் பாலில் வாய் வைக்கத் துணியவில்லை. பிரிட்டிஷ் விற்பனை வரிசையில் அதற்குக் கிடைத்த இடம் 28.

துணிவு 2013 ஏப்ரலில் திரும்பிற்று. அவ்வருஷம் வெளியான 'இங்கிலிஷ் எலெக்ட்ரிக்' இசைத்தட்டில், பாட்டுக்களுக்கிடையே மனிதக் குரல்களையும் இயந்திர அறிவிப்புக்களையும் கோத்த ஒலிச் சித்திரங்கள் மீண்டும் தோன்றின. முப்பது ஆண்டுகளுக்கு முன் எதைச் செய்து தண்டிக்கப்பட்டார்களோ, அதையே செய்தார்கள். இம்முறை ரஸிகர்கள் முகத்தைத் திருப்பவில்லை, ஆர்வத்துடன் ஏற்றார்கள். விற்பனை வரிசையில் அது 12-ஆவது இடம் பெற்றது. 2016 மே 9 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில், வெற்றி கண்ட 1981-ஆம் வருஷத்து இசைத்தட்டோடு, தோல்வியுற்ற 'டாஸில் ஷிப்'ஸையும் முழுமையாக வாசித்தார்கள். ஒரு காலத்தில் தள்ளுபடியான வழக்கு அன்று மேல் விசாரணையில் ஜயமாயிற்று.

2017-இல் வந்த 'தி பனிஷ்மென்ட் ஆஃப் லக்ஷுரி' 4-ஆவது இடத்துக்கும், 2023 அக்டோபரில் வந்த 'பௌஹவுஸ் ஸ்டேர்கேஸ்' 2-ஆவது இடத்துக்கும் உயர்ந்தன. இவர்கள் புதிதாகப் பாடி வெளியிட்ட இசைத்தட்டுக்களில் வேறெதுவும் இவ்வளவு உயர்ந்ததில்லை. இசைத்தட்டு வாங்குவோர் குறைந்துவிட்ட இக்காலத்து வரிசையை அக்காலத்து வரிசையோடு சரிசமமாக வைத்து ஒப்பிடுவது நியாயமாகாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் 28, 12, 4, 2 என்று ஏறிய இந்தப் படிகள், காத்திருந்த ரஸிகர்கள் கைவிடவில்லை என்பதைக் காட்டுகின்றன. கடைசி இசைத்தட்டின் பெயரோ, ஆஸ்கர் ஷ்லெம்மர் 1932-இல் தீட்டிய ஓவியத்தின் பெயர். அவ்வருஷத்தில்தான் டெஸ்ஸாவ் நகரசபையில் ஆதிக்கம் பெற்ற நாஜிகள் அங்கிருந்த பௌஹவுஸ் கலைக்கூடத்தை மூடச் செய்தனர். கலையை அஞ்சுகிறவர்கள் கலைக்கூடத்தை மூடுகிறார்கள் என்ற பாடத்தை, அறுபது வயதைத் தாண்டிய இருவர் நாட்டியத்துக்குரிய தாளத்தில் மீண்டும் நினைவூட்டினர்.

'பணம் கொடுத்து வாங்குகிறவன் பிடிக்காததை ஏன் வாங்க வேண்டும்?' என்று கேட்போர் உண்டு. வாங்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை ரஸிகருக்குப் பூரணமாக உண்டு. கலைஞர் செய்ததெல்லாம் சரியென்று தலையாட்டுவது அபிமானமாகாது, அது முகஸ்துதி. நாம் வேண்டுவது ஒன்றே. ஒருமுறை கேட்டவுடன் இறுதித் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். 1983-இல் அவசரமாக எழுதப்பட்ட தீர்ப்பு ஒரு கோஷ்டியின் துணிவைப் பல்லாண்டு காலம் முடக்கிவிட்டது. அந்த ஆண்டுகளில் அவர்கள் பாடியிருக்கக்கூடிய பாட்டுக்களை இனி யாரும் கேட்க முடியாது. நஷ்டம் கலைஞருக்கு மட்டுமா? ரஸிகருக்கும்தான்.

பழம் பாட்டைக் கேட்டு மகிழ்வதில் குற்றமில்லை. ஆனால் அதை மட்டுமே பாடும்படி கலைஞரை வற்புறுத்துவது, உயிரோடிருக்கும் மனிதரைப் படமாக்கிச் சுவரில் மாட்டுவதற்கு ஒப்பாகும். முதிர்ந்த கலைஞர் புதிதாக ஒன்றைக் கொண்டு வரும்பொழுது, விளங்காவிட்டாலும் இரண்டாம் முறை காது கொடுப்பதே ரஸிகரின் தருமம். ஓ.எம்.டி.யின் அபிமானிகள் அந்தத் தருமத்தைக் கற்றுக்கொள்ள முப்பது ஆண்டுகள் ஆயின. கலைஞர்கள் அதுவரை உயிரோடும் உற்சாகத்தோடும் இருந்தது அவர்களுடைய பாக்கியம். எல்லா ரஸிகர்களுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டும் என்று நம்பியிருப்பதற்கில்லை.