ஏரிக் காற்றில் தனியாள் படகு

பாய்ப்படகு ஓட்டுவதென்றால் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். 44 வயதில் பழகப் போகும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சென்ற வருடம் ஜூன் தொடக்கத்தில், கிங்ஸ்ரன் நகரில் ஒன்ராறியோ ஏரியில் நடந்த ஒரு சிறிய போட்டியில் தனியாக லேசர் படகு ஓட்டினேன். 1976ஆம் ஆண்டு ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிகள் நடந்த ஏரிப்பகுதி அது. பிற்பகலில் தென்மேற்கிலிருந்து, ஊரில் சோளகம் என்போமே அந்தப் பக்கமிருந்து, காற்று வலுக்கும். அன்று மணிக்கு 35 கிலோமீற்றர். ஆனாலும் நல்ல வெயில். குளிருக்குப் போடும் ரப்பர் உடுப்பைக் காரிலேயே விட்டுவிட்டேன்.

லேசர் சுமார் 59 கிலோ எடையுள்ள சிறு படகு. ஒரு பாய், ஒரு ஆள். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021, 2024 ஒலிம்பிக் போட்டிகளில் ஓட்டியதும் இந்த வகையில் சற்றுச் சிறிய பாய் கொண்டதுதான். படகு கவிழாதிருக்க, உள்ளேயுள்ள பட்டியில் பாதங்களைக் கொழுவிக்கொண்டு உடம்பை வெளியே நீட்டிச் சாயவேண்டும். தொடையும் வயிறும் இறுகியபடியே இருக்கும். தசைகள் அப்படி இறுகி நிற்கும்போது இரத்த அழுத்தம் ஏறும். நான் அழுத்தத்துக்குக் குளிசை எடுப்பவன். வைத்தியரிடம் கேட்காமலே முதல் வருடம் முழுக்க ஓட்டினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது ஓட்டத்தில் கவிழ்ந்தேன். வெளியே 24 பாகை, தண்ணீர் 12 பாகை. விழுந்ததும் மூச்சு என் சொற்படி கேட்கவில்லை. திக்கித் திக்கி இழுத்தது. அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுப்போம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி மூழ்குவதுண்டு. மிதவைச் சட்டைதான் என் தலையை மேலே வைத்திருந்தது.

மனிரோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார். மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சு வழிக்கு வர 1 நிமிடம். கைகால் உருப்படியாக இயங்குவது 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணித்தியாலம். ஆகவே முதல் நிமிடம் படகைப் பிடித்துக்கொண்டு மூச்சை மட்டும் கவனிக்கவேண்டும். வேலை பிறகு.

படகை நிமிர்த்தினேன். மூன்றாம் முறை கவிழ்ந்தபோது கயிற்றைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை. படகை விட்டு நீந்தாமல், கையை ஆட்டி மீட்புப் படகை அழைத்துப் போட்டியிலிருந்து விலகினேன். "அப்பா, கடைசியாவது வந்திருக்கலாமே" என்றான் மகன்.

கோடைப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் வெயிலைப் பார்க்காமல் தண்ணீரின் வெப்பநிலையைக் கேளுங்கள். ஓகஸ்ட்டிலும் ஏமாறலாம், ரொறன்ரோக் கரையில் காற்று மேல்நீரை அப்பால் தள்ளிவிட்டால் அடியிலுள்ள குளிர்நீர் மேலே வரும். மிதவைச் சட்டையின் தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிது.

இன்சுலின் போடுபவர்கள் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். சீனி குறைந்தாலும் நடுங்கும், குளிர்ந்தாலும் நடுங்கும். தனியாள் படகில் எது என்று சொல்லப் பக்கத்தில் யாருமில்லை. நனையாத பையில் குளுக்கோஸ் வில்லைகள் இருக்கட்டும்.

இந்த ஜூனுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். ரப்பர் உடுப்பை மனைவி இப்போதே எடுத்து வாசலில் தொங்கவிட்டிருக்கிறா.