தொப்பி ஊசியால் ஓடிய கார்!

வெளியூர் போகும் வழியில் கார் பழுதானால், மெக்கானிக்கைத் தேடுவோம். கார் மெக்கானிக்கே இல்லாத காலத்தில்?

ஜெர்மனியில், கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர காரை வாங்க மக்கள் தயங்கினர். 1888 ஆகஸ்டில், அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே, இரு மகன்களுடன் அந்தக் காரில், 100 கி.மீ.,க்கு மேல் தொலைவிலிருந்த தாய் வீட்டுக்குக் கிளம்பினார்.

எரிபொருள் தீர்ந்தது, மருந்துக் கடையில், கறை நீக்கும் திரவம் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தது; தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தது; செருப்பு தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக் கொண்டார். மேட்டில் கார் திணறியது. மகன்கள் இறங்கித் தள்ளினர். அன்று மாலையே ஊர் சேர்ந்தனர்!

அந்த அனுபவத்தால், மேடு ஏற, தனி கியர் சேர்த்தார் பென்ஸ். உங்கள் சைக்கிள் வழியில் நின்றால், நீங்களும் கோளாறு எங்கே என்று முதலில் பாருங்கள்!