பாடு யாருக்குச் சொந்தம்?

சோளகக் காற்று அடங்கினால் உடப்புக் கரையில் கரைவலைக் காலம். என் அப்பா இருபத்தைந்து வருடம் அந்த மணலில் நின்று வலைக்கயிறு இழுத்தவர். நான் சட்டத்தரணி. இப்போது அவர் நின்ற மணலைப் பற்றித்தான் முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன்.

"சட்டம் படிச்சு முடிச்சாச்சே, இன்னும் என்ன படிப்பு பிள்ளை?" என்று ஊரில் கேட்காதவர் இல்லை. சட்டமுதுமாணி என்றால் பாடங்கள் உண்டு, பரீட்சை உண்டு. ஆய்வுப் பட்டம் வேறு. அதில் ஒரு கேள்வி, ஒரு மேற்பார்வையாளர், குறைந்தது இரண்டு வருட உழைப்பு. கடைசியில் ஆய்வேட்டை வைத்துக்கொண்டு பரீட்சகர்களுக்கு நேரில் பதில் சொல்ல வேண்டும். இலங்கையின் தேசியத் தகைமைச் சட்டகத்தில் இது 11 ஆம் மட்டம், கலாநிதிப் பட்டம் 12 ஆம் மட்டம்.

நான் முதலில் கொடுத்த முன்மொழிவின் பெயர் "கரைவலைத் தொழிலும் சட்டமும்". மேற்பார்வையாளர் ஓரத்தில் ஒரே வரி எழுதித் திருப்பித் தந்தார்: "இது தலைப்பு. கேள்வி எங்கே?" சிலாபம் வரும் பஸ் முழுக்க அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். கேள்வி வந்து சேர நாலு மாதம் ஆனது.

'பாடு' என்கிறோமே, வலை வளைத்து இழுக்கும் கரைத்துண்டு, அது சட்டத்தின் கண்ணில் என்ன? காணியா? கடலில் உள்ள உரிமையா? அல்லது இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று வரும் முறையா? காணி என்றால் அதைச் சீதனமாக எழுதலாம், அடகு வைக்கலாம். முறை மட்டும்தான் என்றால் எதை எழுதுவது?

1984 இல் கரைவலைக்கென்றே ஒழுங்குவிதிகள் வந்தன. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் அனுமதிப்பத்திரத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் கரையில் தகராறு வந்தால் யாரும் வர்த்தமானியை விரிப்பதில்லை, முறையைத்தான் சொல்கிறார்கள். எழுதாத வழக்கத்தைச் சட்டமாக ஏற்க நம் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில் இடமிருக்கிறது.

அந்த இடத்தைத் தேடிப் போனபோதுதான் வான் பிரேடா எதிர் ஜேக்கப்ஸ் என்ற 1921 ஆம் ஆண்டுத் தென்னாப்பிரிக்கத் தீர்ப்பு அகப்பட்டது. அதுவும் மீனவர் வழக்குத்தான். ஒருவர் தொழிலுக்கு இடம் பிடித்துவிட்டால் இன்னொருவர் அருகில் வந்து தொழில் செய்யக்கூடாது என்பது அவர்களின் வழக்கம். வழக்கம் நீண்டகாலமானதா, நியாயமானதா, எல்லோரும் ஒரேபடி கைக்கொள்வதா, தெளிவானதா என்று நீதிமன்றம் பார்த்தது. ரோமன் டச்சுச் சட்டம் அவர்களுக்கும் நமக்கும் பொது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டாயப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டி வாதிடலாம். நூலகத்து வாசலுக்கு வந்து அப்பாவுக்குப் போன் எடுத்தேன். அவர் நிறைய நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கயும் இதே சண்டைதானா?" என்றார்.

இலங்கையின் தெற்கே உள்ள மாவெல்ல கிராமத்துக் கரைவலையை 2009 இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம் 1990 இல் எழுதிய நூலில் எடுத்துப் பேசினார். அங்கே வலைக்காரர் முறை வைத்தே இழுத்தார்கள். ஆனாலும் புதிய வலைகள் வருவது நிற்கவில்லை. வலை பெருகப் பெருக முறை வரும் நாள் தள்ளிப்போனது, ஒருவர் பங்கும் சுருங்கியது. முறை இருந்தும் முறை காப்பாற்றவில்லை. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் ஊர் வழக்கத்தைப் புகழ்ந்து எழுதத்தானே நான் புறப்பட்டிருந்தேன். அப்படிப் புகழ்ந்து எழுதியிருந்த அத்தியாயத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

ஆய்வேடு ஆங்கிலத்தில். 'பாடு' என்ற சொல்லுக்கு அந்த மொழியில் வார்த்தை இல்லை. கரைத்துண்டும் பாடு, ஒரு தடவை வலை வளைப்பதும் பாடு. இடம் என்று மொழிபெயர்த்தால் முறை போய்விடும், முறை என்றால் இடம் போய்விடும். 'பாடு' என்றே எழுதி, முதல் அடிக்குறிப்பை ஒன்றரைப் பக்கத்துக்கு நீட்டியிருக்கிறேன்.

போன மாசி மாதம் மீன்வாடியில் இருந்த ஒரு சம்மாட்டிக்கு, அதாவது வலைச் சொந்தக்காரருக்கு, அந்த அடிக்குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"எல்லாம் சரி பிள்ளை. வலை வளைச்ச பிறகு மீன் அடுத்த பாட்டுப் பக்கம் போனா அது ஆருக்கு? அத எழுதலியே?"

கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன்.