மீனவர் பேதுரு: முதல் போப்பாண்டவர்

ஐதராபாத்தில் கன்பவுண்டரி என்று ஒரு பகுதி உண்டு. அங்கே பழமையான மாதா கோயில் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் புனித சூசையப்பர் பேராலயம். ஐதராபாத் பேராயரின் தலைமைக் கோயில் அதுதான்.

பேராயர் பூலா அந்தோணி 2025ஆம் ஆண்டு மே மாதம் ரோம் நகரில் ஓட்டுப் போட்டார். அது சாதாரண ஓட்டு அல்ல. போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு.

போப்பாண்டவர் என்பவர் யார்? உலகம் முழுவதும் உள்ள கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களின் தலைவர். ஒரு போப்பாண்டவர் இறந்தால், கர்தினால்கள் கூடி அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைக்க வேண்டும். ஓட்டுச் சீட்டுகளை எரித்துவிடுவார்கள். கரும்புகை வந்தால் முடிவு ஆகவில்லை என்று பொருள். வெண்புகை வந்தால் புதியவர் கிடைத்துவிட்டார் என்று பொருள்.

2025இல் 133 கர்தினால்கள் ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் இந்தியர் நான்கு பேர். மே 8ஆம் தேதி பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் 267ஆவது போப்பாண்டவர்.

அப்படியானால் முதலாமவர் யார்? அவர் ஒரு மீனவர்.

வலை வீசியவர்

அவருடைய பெயர் சீமோன். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். கலிலேயா ஏரியில் மீன் பிடித்தார். திருமணம் ஆனவர். சகோதரர் பெயர் அந்திரேயா. இயேசு இருவரையும் தம் சீடர்களாக அழைத்தார். சீமோனுக்குப் பேதுரு என்று பெயர் வைத்தார். பேதுரு என்றால் பாறை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் அவரை இராயப்பர் என்றும் அழைப்பார்கள்.

பேதுரு படிக்காதவர் என்று பைபிளே சொல்கிறது. அவர் பெயரில் இரண்டு கடிதங்கள் பைபிளில் உள்ளன. முதல் கடிதம் சில்வான் என்பவரைக் கொண்டு எழுதப்பட்டதாக அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. நம் ஊரிலும் பலர் இப்படித்தானே அடுத்தவரிடம் சொல்லிக் கடிதம் எழுதினார்கள்?

பயந்தவர், அழுதவர்

பாறை என்று பெயர் வாங்கியவர் பயந்தும் போனார். இயேசுவைக் கைது செய்த இரவில், "நீயும் அவரோடு இருந்தவன்தானே?" என்று சிலர் கேட்டார்கள். அவரைத் தெரியவே தெரியாது என்று பேதுரு மூன்று முறை சொன்னார். உடனே சேவல் கூவியது. பேதுரு மனம் கசந்து அழுதார்.

பிறகு அவர் மாறினார். இயேசுவைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். சிறைக்கும் போனார்.

ஒரே பந்தி

பேதுரு யூதர். அக்காலத்தில் யூதர்கள் வேறு இனத்தார் வீட்டில் சாப்பிடமாட்டார்கள். கொர்நேலியு என்பவர் ரோமப் படையில் அதிகாரி. அவர் பேதுருவை வீட்டுக்கு அழைத்தார். பேதுரு போனார். கடவுள் ஆள் பார்த்து நடப்பதில்லை என்று அங்கே சொன்னார். பழைய வழக்கத்தை மீறியது பெரிய காரியம்.

ஆனால் அந்தியோக்கியா நகரில் அவர் மீண்டும் தயங்கினார். மற்ற இனத்தாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யூதர்கள் சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் என்ற திருத்தூதர் எல்லார் முன்னிலையிலும் அவரைத் தட்டிக் கேட்டார். தலைவர் தவறினாலும் கேட்க வேண்டும். இந்தச் செய்தியும் பைபிளில் மறைக்கப்படவில்லை.

உயிர் கொடுத்தவர்

கி.பி. 64இல் ரோம் நகரம் தீப்பற்றி எரிந்தது. நீரோ மன்னன் கிறிஸ்தவர்கள்மீது பழி போட்டான். பலரைக் கொன்றான். அவன் காலத்தில்தான் பேதுருவும் சிலுவையில் அறையப்பட்டார் என்பது நெடுங்கால மரபு. "என் ஆண்டவரைப் போல இறக்க எனக்குத் தகுதி இல்லை" என்று எண்ணி, தலைகீழாக அறையச் சொன்னாராம். இந்த முறை அவர் ஓடவில்லை.

அவரைப் புதைத்ததாகக் கருதப்படும் இடம் வத்திக்கான் குன்று. இன்று அங்கே புனித பேதுரு பேராலயம் நிற்கிறது. அதன் கட்டட வேலை 1506இல் தொடங்கியது. 1626இல் கோயில் அர்ச்சிக்கப்பட்டது. போப்பாண்டவர் அணியும் மோதிரத்துக்கு மீனவர் மோதிரம் என்று பெயர்.

சென்னை இராயபுரத்திலும் புனித இராயப்பர் கோயில் உண்டு. கடலில் படகு ஓட்டிப் பிழைத்த மக்கள் 1829இல் கட்டியது அது.

இன்று நமக்கு

பேதுருவின் திருநாள் ஜூன் 29. திருநாள் கொண்டாடினால் மட்டும் போதுமா? தமிழ்நாட்டில் சில ஊர்களில் தலித் கிறிஸ்தவர்களுக்குக் கோயிலில் தனி இடம் ஒதுக்கினார்கள். கல்லறைத் தோட்டத்திலும் குறுக்கே சுவர் வைத்தார்கள். ஒரே பந்தியில் உட்கார மறுத்த பழைய தவறுதான் இது.

பூலா அந்தோணி கர்நூல் பகுதியைச் சேர்ந்தவர். தலித் குடும்பத்தில் பிறந்தவர். வறுமையால் ஏழாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. மிஷனரிகள் உதவியால் மீண்டும் படித்தார். 2022 ஆகஸ்டில் கர்தினால் ஆனார். தலித் ஒருவர் கர்தினால் ஆனது அதுவே முதல் முறை.

மீனவர் ஒருவரிடம் தொடங்கிய பதவி அது. அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் இடத்தில், படிப்பு நின்றுபோன ஏழை வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்தார். ஆனால் இந்த வழி திறக்க ஏறக்குறைய 2000 ஆண்டுகள் ஆயின. உங்கள் ஊர்ப் பந்தியில் எல்லாரும் சேர்ந்து உட்காருகிறார்களா? எண்ணிப் பாருங்கள்.