காலைக் கட்டும் சுமை

இலங்கைக் கல்லூரிகள் பலவற்றில் இலத்தீன் ஒரு பாடமாக விளங்கிய காலத்தில், யூலியஸ் சீசர் எழுதிய கோல் நாட்டுப் போர் வரலாற்றோடு மாணவரும் போராட வேண்டியிருந்தது. அந்நூலில் அடிக்கடி எதிர்ப்படும் படைச்சொற்களுள் ‘இம்பெடிமென்ரா’ என்பது ஒன்று. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இலத்தீனில் ‘பெஸ்’ என்பது பாதம். ‘இம்பெடிரே’ என்பது காலைத் தளையிடுதல். அதனடியாகப் பிறந்த ‘இம்பெடிமென்ரம்’ ஒருமையில் தடை எனப் பொருள்படும். பன்மையிலோ, படையின் பொதிகளையும் அவற்றைச் சுமக்கும் விலங்குகளையும் ‘இம்பெடிமென்ரா’ என்றனர். சுமை நீக்கிப் போருக்கு ஆயத்தமான வீரர் ‘எக்ஸ்பெடிற்றி’, அதாவது காற்றளை நீங்கியோர், எனப்பட்டனர்.

தடையென்று பெயரிட்டும் உரோமர் பொதிகளைக் கைவிட்டாரல்லர். கூடாரமும் உணவும் கருவியுமின்றிப் படை நிலைபெறுவதெங்ஙனம்? ஆதலின், அச்சுமையை எங்கே வைப்பது என்பதே தளபதியின் கவலையாயிற்று. கி.மு. 57இல், ‘லெஜியன்’ எனப்படும் படைப்பிரிவு ஒவ்வொன்றின் பின்னும் பொதிகள் வருமென நேர்வியர் கேள்வியுற்று, சாபிஸ் ஆற்றங்கரைக் காட்டினுள்ளே பதுங்கியிருந்தனர். சீசரோ பகைவரை அணுகியதும் அணிவகுப்பை மாற்றினார். சுமையற்ற ஆறு பிரிவுகள் முன்னும், பொதிகள் நடுவும், அவற்றைக் காக்கும் இரு புதிய பிரிவுகள் பின்னுமாகச் சென்றன. பொதிகள் கண்ணிற்பட்டதும் நேர்வியர் பாய்ந்தனர். தோல்வியின் விளிம்புவரை சென்றே சீசர் வென்றார்.

கி.மு. 54இல் நிகழ்ந்தது வேறு. அம்பியோரிக்ஸின் சொல்லை நம்பிப் பாசறை நீங்கிய சபீனஸும் கொற்றாவும் நெடிய வரிசையாய், பெரும் பொதிகளோடு சென்று பள்ளத்தாக்கிற் சூழப்பட்டனர். பொதிகளைக் கைவிட்டு வட்டமாய் நிற்குமாறு கட்டளை பிறந்தது. வீரர் பலர் தத்தம் அரும்பொருளை எடுக்கக் கொடியை விட்டுப் பொதிகளை நோக்கி ஓடினர். அப்படையிற் சிலரே உயிர்தப்பினர்.

இவ்வேர்ச்சொல் இன்றும் ஆங்கிலத்தில் தடையைக் குறிக்கும் ‘இம்பெடிமென்ற்’, படைச்செலவைக் குறிக்கும் ‘எக்ஸ்பெடிசன்’ என வாழ்கிறது. தமிழரும் இல்லறத்தைக் ‘கால்கட்டு’ என்பர். எனினும் அதனை வேண்டாமென்பாரில்லை. வாழ்வுக்கு இன்றியமையாதனவே காலையும் கட்டும். அவற்றை வரிசையின் எவ்விடத்தில் வைப்பதென்று அறிதலே தலைவனுக்கு அழகு. கல்லூரி நீங்கி உலகிற் புகும் இளைஞருக்கும் அஃது ஏற்புடைத்தென்பது நம் கருத்து.